நடுவர் நாற்காலியில் இருக்கும் தோழிக்கு

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் புலம்பல். இதழியல் மாணவர்கள் நடத்தும் விருதுக்கு உன்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். 'இந்த ஆண்டு இணையத்தைக் கலக்கியவை' என்று ஒரு மூட்டை வீடியோவும் மீமும் அனுப்பிவிட்டார்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று தலைகால் புரியவில்லை என்கிறாய். முடியாது என்று சொல்லியிருக்கலாம். நீ சொல்ல மாட்டாய் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, பார்.

என் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண் அடுத்த மாதம். திரையை அதிகம் பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். நீ அனுப்பியவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். மருமகனுக்கு மாற்றல் வந்திருக்கிறது. மகள் போவதா இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பேத்தி மட்டும் முடிவு செய்துவிட்டாள், அவள் என்னோடுதான் இருப்பாளாம். உன் பட்டியலில் பாதி எனக்குப் புரிந்தது அவள் புண்ணியத்தில்.

இனி உன் விஷயம். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இத்தனை லட்சம் பார்வைகள்' என்று பையன்கள் எழுதியிருக்கிறார்கள் அல்லவா, அதை முதலில் மை வைத்து அழித்துவிடு. 'பேபி ஷார்க்' என்ற மழலைப் பாட்டு 2022 ஜனவரியில் யூடியூபில் 1,000 கோடி பார்வைகளைத் தாண்டியது. உலகத்தில் அத்தனை பேர் இல்லை. சோறு ஊட்டுவதற்காக ஒரே குழந்தைக்கு ஒரே வேளையில் எட்டு முறை ஓடவிட்டால் எட்டுப் பார்வை. அந்தப் பாட்டின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை, ஆனால் அந்த எண் சொல்வது தாய்மார்களின் களைப்பைத்தான். தவிர, எது யார் கண்ணில் படவேண்டும் என்பதைத் தளத்தின் கணக்கு முறையே தீர்மானிக்கிறது. அது தூக்கிவிட்டதை நாமும் தூக்கிவிட்டால் நடுவர் எதற்கு?

எண்ணைக் கேலி செய்யவே பிறந்த ஒன்றும் உண்டு. 2019 ஜனவரியில் இன்ஸ்டாகிராமில் ஒரு முட்டையின் படம் வந்தது. வெள்ளைப் பின்னணியில் ஒரு பழுப்பு முட்டை, அவ்வளவுதான். அதுவரை அதிக லைக் வாங்கிய படத்தை இது முந்த வேண்டும் என்று அதன் கீழேயே எழுதியிருந்தது. ஒரு கோடீஸ்வரப் பெண்மணி தன் குழந்தையின் படத்துக்கு வாங்கியிருந்த 1.8 கோடி லைக்குகளைப் பத்தே நாளில் அந்த முட்டை தாண்டியது. அந்த முட்டைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு விருது கொடுப்பேன். சாதனை என்று நாம் சொல்வது எவ்வளவு வெறும் ஓடு என்று ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டது. 2022 டிசம்பரில் உலகக் கோப்பையோடு நின்ற மெஸ்ஸியின் படம் வந்து அதை முந்தியது. முட்டைக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

மக்கள் வாக்குக்கு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தட்டிக்கழிக்கும் உன் பழைய தந்திரம். 2016-இல் பிரிட்டனில் துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் வைக்க மக்களை அழைத்தார்கள். யாரோ விளையாட்டாகச் சொன்ன 'போட்டி மெக்போட்ஃபேஸ்' (Boaty McBoatface, நம் பாஷையில் படகுமூஞ்சிப் படகு) என்ற பெயர் 1,24,000-க்கு மேல் வாக்கு வாங்கி முதலில் வந்தது. அரசு விழித்துக்கொண்டு இயற்கை ஆர்வலர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைக் கப்பலுக்கு வைத்துவிட்டு, மக்கள் கேட்ட பெயரை அதோடு செல்லும் சிறிய ஆளில்லா நீர்மூழ்கிக்கு வைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல தீர்ப்பாகவே படுகிறது: இரண்டு குரலையும் கலக்காமல் தனித்தனியே நிறுத்திவிட்டார்கள். இணையப் படைப்புகளுக்காக 1996 முதல் நடக்கும் வெபி விருதுகளிலும் இதே ஏற்பாடுதான். நடுவர்கள் கொடுப்பது ஒன்று, மக்கள் வாக்கில் வருவது இன்னொன்று. நீயும் இரண்டாகப் பிரித்துவிடு. வெபி மேடையில் இன்னொரு விதியும் உண்டு. விருது வாங்குபவர் ஐந்தே சொற்களில் நன்றி சொல்ல வேண்டும். வேறு எதை விட்டாலும் இதை உன் விழாவில் கொண்டுவந்துவிடு, நான் கட்டாயம் வருகிறேன்.

சரி, எண்ணும் வேண்டாம், வாக்கும் தனி என்றால் எதைப் பார்ப்பது? நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். பார்த்தவர்களை விடு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வேறொன்று செய்தவர்கள் இருக்கிறார்களா?

'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணியை நினைத்துப் பார். 2019 மே மாதக் கடைசியில், ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். பதில் சொன்ன தமிழர் ஒருவர் அது நேசமணியின் மண்டையைப் பிளந்த கதையையும் சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததில் அந்தப் படத்துக்கும் பங்கில்லை, அந்தப் பதிலுக்கும் அதிகப் பங்கில்லை. ஒருவர் மருத்துவமனை அறிக்கை எழுதினார், ஒருவர் பிரார்த்தனைக்கு அழைத்தார், ஒருவர் அண்ணன் மகன்மேல் விசாரணை கேட்டார். கைக்குக் கை மாறி மாறி வளர்ந்தது. உலக அளவில் ஹேஷ்டேக் முன்னணிக்கு வந்தபோது மற்ற நாட்டவர்கள் நிஜமாகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று விசாரித்தார்கள். அவர்களில் ஒருவரை நடுவராகப் போட்டிருந்தால் இதற்குச் சுழியம்தான் போட்டிருப்பார். அதனால்தான் கேட்கிறேன், உன்னோடு இருக்கும் மற்ற இரண்டு நடுவர்கள் யார்? மூவரும் ஒரே வயது, ஒரே மாதிரிப் படிப்பு என்றால், பாதிச் சிரிப்பு உங்கள் காதிலேயே விழாது. பேத்தி வயதில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொல்.

2015-இல் வந்த அந்த உடுப்புப் படமும் இதே ஜாதிதான். சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். நீயும் நானும் தொலைபேசியில் சண்டை போட்டோமே! வெறும் வாய்ச்சண்டை என்று நினைத்தோம். பார்வையை ஆராய்பவர்கள் விடவில்லை. அந்த ஆண்டே 'கரண்ட் பயாலஜி' இதழில் அதைப் பற்றி மூன்று கட்டுரைகள் வந்தன. படத்தில் விழும் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று ஒவ்வொரு மூளையும் தானே ஊகித்துக் கழித்துவிடுகிறது. ஊகம் வேறானால் நிறமும் வேறாகிறது. ஒரு திருமணத்துக்கு உடுத்த வாங்கிய துணி விஞ்ஞானிகளுக்கு வேலை கொடுத்தது. இதைவிட என்ன தகுதி வேண்டும்?

ஆனால் இதெல்லாம் சுடச்சுடத் தெரியாது என்பதுதான் உன் சங்கடம். 2014-இல் தலையில் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார்களே, அப்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும், திரும்ப எழுத விரும்பவில்லை. அந்தக் கூத்தில் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. உடலின் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நோய் அது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆய்வில், அந்த நோயோடு தொடர்புடைய என்.இ.கே.1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்ததாக 2016-இல் செய்தி வந்தது. 2014 ஆகஸ்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தால் வாளியை மட்டும்தான் பார்த்திருப்போம்.

எமோஜிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் யூனிகோடு அமைப்பு இதில் கறார். புதிதாக ஒன்றைக் கேட்டு விண்ணப்பித்தால், இது நீடித்துப் பயன்படுமா அல்லது நாலு நாள் மோகமா என்று பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி அனுப்பினாலும் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை சேர்த்ததை நீக்க முடியாது என்பதால் வந்த ஜாக்கிரதை. விருதும் அப்படித்தானே, கொடுத்தபின் பிடுங்க முடியுமா? மாணவர்களிடம் சொல், இந்த ஆண்டு விருதைப் போன ஆண்டு வந்தவற்றுக்குக் கொடுங்கள் என்று. ஓராண்டு ஆறிய பிறகும் எவராவது அதை எடுத்துப் பேசுகிறார்களா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இதைவிடச் சிக்கலானது, யாருக்குக் கொடுப்பது என்பது. நம் வாரப் பத்திரிகைத் துணுக்குப் பக்கம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஜோக் மூன்று கையெழுத்தில், மூன்று அஞ்சலட்டையில் வரும். தபால் முத்திரையைப் பார்த்து முன்னால் வந்ததை எடுத்துப் போடுவோம். மற்ற இரண்டு பேரும், அது என் சொந்தச் சரக்கு, அவன் திருடிவிட்டான் என்று கொதித்துக் கடிதம் எழுதுவார்கள். மூவருமே வேறெங்கோ கேட்டது என்பது நமக்குத் தெரியும். அங்கே முத்திரையாவது இருந்தது. இங்கே வெட்டி ஒட்டிப் பெயரை அழித்து மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். பிரபலமானவர் ஏற்றினால் அது அவருடையதாகிவிடுகிறது.

2019-இல் அமெரிக்காவில் அட்லாண்டா பக்கத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி 'ரெனிகேட்' என்று ஒரு நடனம் அமைத்துப் போட்டாள். கையை மடக்கி, வீசி, இடுப்பை வெட்டி, கண் இமைக்கும் நேரத்தில் பத்து அசைவுகள். பேத்தி ஆடிக்காட்டினாள், எனக்குப் பார்த்தே மூச்சு வாங்கியது. டிக்டாக் பிரபலங்கள் அதை ஆடினார்கள், புகழ் அவர்களுக்குப் போனது. அமைத்தவள் நான்தான் என்று அந்தப் பெண் அவர்கள் பதிவுகளின் கீழே எழுதிப் பார்த்தாள், எவரும் கண்டுகொள்ளவில்லை. 2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' அவளைத் தேடிப்பிடித்து எழுதிய பிறகுதான் கூடைப்பந்து நட்சத்திரப் போட்டி அரங்கில் ஆட அவளை அழைத்தார்கள். சட்டமும் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உதவாது. ஒருசில அசைவுகள் மட்டுமே கொண்ட சிறு நடனத்தை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்வதில்லை. ராயல்டி இல்லை, பதிப்புரிமை இல்லை. 'இது அவள் செய்தது' என்று நாலு பேர் முன்னால் சொல்வது ஒன்றுதான் அவளுக்குக் கிடைக்கக்கூடியது. அதைச் செய்வதற்குத்தான், மீனாட்சி, உன்னை மாதிரி ஆட்கள் வேண்டும். உன் பட்டியலில் ஏழாவதாக இருக்கும் தாளம் தட்டும் வீடியோவை முதலில் யார் செய்தது என்று பையன்களைத் தேடச்சொல். கிடைக்காவிட்டால் அதற்கு விருது வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தான் ஊர் வாயில் விழ வேண்டும் என்று நினைக்காதவர்கள். கனடாவில் ஒரு பள்ளிச் சிறுவன் தனியாக விளையாடித் தன்னைப் படம் எடுத்துக்கொண்டதை, அவனைக் கேட்காமல் சக மாணவர்கள் 2003-இல் இணையத்தில் விட்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவன் பள்ளிக்குப் போக முடியாமல் ஆனது; குடும்பம் வழக்குப் போட்டது. 'மறக்க முடியாத வீடியோக்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் அதைச் சேர்ப்பார்கள். உன் பட்டியலில் பன்னிரண்டாவது, கவுண்டரில் நின்று அழும் பெண்மணி. மீம் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான், எனக்கும் ஓரிடத்தில் சிரிப்பு வந்தது. அதைப் படம் பிடிக்க அவர் சம்மதித்தாரா? தெரியாவிட்டால் எடுத்துவிடு. பையன்கள், இது வரலாறு, பதிவு செய்ய வேண்டாமா என்பார்கள். பதிவு செய்வது நூலகத்தின் வேலை; அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மீம் தளங்களைக்கூடச் சேமித்துவைக்கிறது, வைக்கட்டும். மேடையில் ஏற்றி மாலை போடுவது வேறு.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூனை இரண்டும் வேண்டாம், பூனைக்கு விருதின் தேவை இல்லை. சோப்பு விளம்பரத்தைத் தானாகப் பரவியது மாதிரிக் காட்டியிருக்கிறார்கள், தள்ளிவிடு. முதியவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடியோ எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துப் பலர் தங்கள் ஆசிரியர்களைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று பேத்தி சொல்கிறாள். என் வாக்கு அதற்கு. நீ வேறு முடிவு எடுத்தால் காரணம் எழுது, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. சின்னவனுக்குப் பார்த்த பெண் விஷயம் என்ன ஆனது? இடது கண் முடிந்து ஒரு மாதம் பயணம் கூடாதாம். விழாத் தேதியைத் தெரிவி, அதற்கு முன்னால் வர முடியுமா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
விசாலம்