சுவரைத் தொட்டுப் பார்த்தவருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

எங்கள் குடியிருப்பில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார், அயலவர் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீடுகளுக்குச் சொந்தக்காரரான கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) வரவுசெலவுக் கூட்டத்தில் எங்கள் கட்டடத் தொகுதிக்கான பணம் நிறைவேறிய செய்தி இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். வெளிச்சுவருக்கு வெப்பக்காப்பு, புது யன்னல்கள், குசினிக்கும் குளியலறைக்கும் ஒழுங்காக வேலை செய்கிற விசிறி. எல்லாம் முதற் கட்டத்திலேயே வருகிறது. வாக்கெடுப்பு முடிந்து வெளியே வந்தபோது எங்களில் ஒருவருக்கும் வாயைத் திறந்து கதைக்க முடியவில்லை, கட்டிப்பிடித்து அழுதுவிட்டோம். அந்த நிம்மதி இன்னும் நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் ஆறுதலாக எழுதலாம் என்று தள்ளிப்போடாமல் இப்பவே எழுதுகிறேன். ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் பட்ட பாட்டை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டுச் சுவரும் எங்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதானே.

முதல் நன்றி, கவுன்சிலின் ஒப்பந்தக்காரர் அனுப்பிய திருத்த வேலைக்காரர் ஒருவருக்கு. பெயரை எழுதவில்லை. செய்த நன்மைக்காக அவருடைய வேலைக்கு ஏதும் இடைஞ்சல் வந்துவிடக் கூடாது.

அவருக்குக் கொடுத்திருந்த வேலை சின்னது. பூஞ்சணத்தை மருந்து போட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்துவிட்டுப் போவது. அவருக்கு முன்னால் வந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கொடுத்த நேரம் அவ்வளவுதான். இவரும் பெயின்ற் வாளியோடுதான் வந்தார். ஆனால் திறக்க முன்னம் அலுமாரியை நகர்த்தச் சொன்னார், தானும் ஒரு பக்கம் பிடித்தார். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இறக்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஈரம் பார்க்கிற கருவியை எடுத்து மூலை மூலையாகக் குத்திப் பார்த்தார். குளியலறை விசிறியில் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தார். ஓடுகிற விசிறி கடதாசியை இழுத்துப் பிடிக்கவேண்டும். அது கீழே விழுந்தது.

அப்போது மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தா. உங்களில் பலருக்குத் தெரியும், முறைப்பாடு செய்த ஒவ்வொரு முறையும் எங்களுக்கு வந்த பதில் நாங்கள் சமைக்கிற விதத்தைப் பற்றியது. ஆவி அதிகம், உடுப்பை உள்ளே காயப்போடுகிறீர்கள், யன்னலைத் திறக்கிறீர்கள் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு மாமி புட்டு அவிப்பதையே விட்டிருந்தா. நீத்துப்பெட்டியைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்திருந்தா. பேரனுக்குத் தொய்வு இழுக்கும் இரவுகளில் அவ அவனுடைய கட்டிலடியில் இருந்து செபம் சொல்லுவா. பிழை தன்னில்தான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு இருந்தா என்பது அந்த மனிதர் வாய் திறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் மாமியைப் பார்த்து, 'நீங்கள் சமைப்பதால் இது வரவில்லை, அம்மா. இந்தச் சுவருக்குள் குளிரை மறிக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் சமைக்காமல் இருந்தாலும் இது வரும்' என்றார். சின்னவன் தமிழில் சொல்ல, மாமி அவனைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தா.

அதோடு போயிருந்தாலும் நான் அவரை மறக்கமாட்டேன். ஆனால் அவர் தன் கைக்கருவியில் வேலைக் குறிப்பை எழுதி, அனுப்ப முன்னம் எனக்கு வாசித்துக் காட்டினார். வீடு சுத்தமாக இருக்கிறது, வெளிச்சுவரில் வெப்பக்காப்பு இல்லை, விசிறி பழுது, பெயின்ற் அடிப்பதால் பயன் இல்லை, கட்டட வேலைதான் தேவை. நாலே வரி. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, திறக்காத வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார். அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் புட்டு.

அந்த நாலு வரிதான் பிறகு எங்களுக்கு ஆயுதம். எங்களைப் பற்றிக் கவுன்சில் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டு எழுதினால் ஒரு மாதத்துக்குள் தரவேண்டும் என்பது சட்டம். கேட்டோம், வந்தது. பழைய குறிப்புகள் எல்லாவற்றிலும் 'குடியிருப்பவருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது' என்று இருக்க, இவருடையது மட்டும் சொன்னது சொன்னபடி இருந்தது. எங்கள் பகுதிக் கவுன்சிலர் அம்மா கூட்டத்தில் எழுந்து அதை அப்படியே வாசித்தா. மண்டபம் அமைதியாகிவிட்டது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். கதவு கதவாகத் தட்டிக் கையொப்பம் வாங்கிய நாலாம் மாடி அக்கா, சோமாலி, வங்காளக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொன்ன பிள்ளைகள், கடிதம் எழுதித் தந்த மருத்துவர், சட்ட ஆலோசனை தந்த தொண்டர்கள், தன் கடையில் மனுவை வைக்க இடம் தந்த அண்ணை. எல்லோருக்கும் நன்றி.

மூன்றாம் மாடிக் கணக்காளர் ஐயாவை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். நாங்கள் கட்டும் வாடகை ஹவுசிங் ரெவென்யூ அக்கவுண்ட் என்ற தனிக் கணக்கில் விழுகிறது, அதை எடுத்து வீதி போட முடியாது, கவுன்சில் வரியை எடுத்து எங்கள் சுவரைத் திருத்தவும் முடியாது என்று அவர்தான் பென்சிலால் கீறிக் காட்டினார். 2016 முதல் நாலு வருடம் கவுன்சில் வாடகையை ஆண்டுதோறும் 1 வீதம் குறைக்கும்படி அரசு சொன்னது. எங்களுக்கு அது பெரிய உதவிதான், ஆனால் திருத்த வேலைக்கான பணமும் அதே கணக்கில்தான் இருந்தது. 2023இல் விலைவாசி எகிறியபோது வாடகை உயர்வுக்கு 7 வீதம் என்று உச்சவரம்பு வந்தது, கூலியும் சாமானும் அதைவிட ஏறின. வீடுகளில் குளிரை மறிக்கும் வேலைகளுக்கு அரசு தரும் வெப்ப வீட்டு நிதியைப் பெறுவதற்குக் கவுன்சிலும் தன் பங்கைப் போடவேண்டும். இந்த இறுக்கத்துக்குள் எங்களுக்காகக் கை உயர்த்திய கவுன்சிலர்களுக்கு, முன்பு எங்களோடு வாதாடியவர்கள் உட்பட, மனதார நன்றி.

எழுதும்போது அவாப் இஷாக்கின் நினைவும் வருகிறது. 2020 டிசம்பரில், இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், இரண்டு வயதில் இறந்த பிள்ளை. வீட்டுப் பூஞ்சணத்தால் வந்த சுவாச வருத்தமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை சொன்னது. சூடானில் இருந்து வந்த அவனுடைய தாய் தகப்பனுக்கும் பூஞ்சணத்துக்கு மேலே பெயின்ற் அடிக்கச் சொல்லித்தான் முதலில் பதில் கிடைத்தது. அவர்கள் விடாமல் நின்றதால் அவன் பெயரில் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் என்று முறையிட்டால் 10 வேலை நாட்களுக்குள் கவுன்சில் போன்ற சமூக வீட்டு உரிமையாளர் வந்து பார்க்கவேண்டும், உயிருக்கு அவசரமென்றால் 24 மணித்தியாலத்துக்குள். அந்தத் தாய் தகப்பனை எனக்குத் தெரியாது. என் பிள்ளை மூச்சு விடுவதைக் கேட்கும்போது அவர்களுக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பின்பக்கத் தொகுதியில் இருப்பவர்கள் மனம் விடவேண்டாம். அவர்களுடைய கட்டடம் முதற் கட்டத்தில் இல்லை. எங்கள் யன்னல் மாறிவிட்டது என்று நாங்கள் வீட்டுக்குள் இருந்துவிட மாட்டோம், இது நானும் நாலாம் மாடி அக்காவும் சேர்ந்து தரும் வாக்கு. அடுத்த வரவுசெலவுக் கூட்டத்துக்கும் இதே ஆட்கள் வருவோம். அதுவரை முறைப்பாடு செய்யும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள், திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், யார் வந்தாலும் என்ன எழுதினார் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புது மனு அண்ணையின் கடையில், காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் ஐந்து பெயரும் எங்கள் தொகுதி ஆட்களுடையது.