கடைமடைக்கு வராத செய்தி

திருத்துறைப்பூண்டி,
ஐப்பசி கடைசி, அடைமழை

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் ஆடியில் வந்தது, பதில் இப்போதுதான் போகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. செல்வி அக்கா மகளுக்குப் பெண் குழந்தை. பெயர் வைக்கிற சண்டை இன்னும் ஓயவில்லை. நீ போன் போட்டு யோசனை எதுவும் சொல்லிவிடாதே, போன தடவை நீ சொன்ன யோசனையில் பட்டது போதும். சரி, மற்றதெல்லாம் நேரில்.

பட்டாளத்தார் விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் கம்ப்யூட்டர் கடையில் இப்போது சம்பா பயிர்க் காப்பீட்டுக் கூட்டம். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் மஞ்சள் பையில் நனையாமல் சுற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பட்டாளத்தாரும் வந்தார். கையில் பை இல்லை. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, குறுவை நெல் போட்ட பணம் 60,000 பேங்கில் சும்மா கிடக்கிறது. நீ போனில் வைத்துக் கொடுத்தாயே, அதில் ஒரு திட்டம் வந்திருக்கிறது. போடலாமா?"

போனை வாங்கிப் பார்த்தேன். பங்குனியில் நானே போட்டுக் கொடுத்த பிரவுசர். எதைத் திறந்தாலும் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது, பேரன் அதையே அமுக்குகிறான் என்று அவர் சொன்னதால் போட்டது. யாரும் பின்தொடர முடியாது, அந்தரங்கம் பத்திரம் என்று விளம்பரப்படுத்தப்படுகிற பிரவுசர். அதில் புதுப் பக்கம் திறந்தால் திரை முழுக்க அழகான கடற்கரைப் படம். ஓரத்தில் ஷேர் வாங்கி விற்கிற ஆப் ஒன்றின் பெயரும் ஒரு பட்டனும். அவர் அதை அமுக்கிப் பெயரும் நம்பரும் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து தினம் இரண்டு அழைப்பு. நல்ல தமிழில், ஐயா ஐயா என்று பேசுகிறார்களாம்.

"விளம்பரம் என்று தெரியவில்லையா பெரியப்பா?" என்றேன்.

"விளம்பரமா? இதில் விளம்பரமே வராது என்று நீதானே சொன்னாய்?"

இளங்கோ, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. பணம் போகவில்லை, தடுத்துவிட்டேன். ஆனால் அவர் அந்தப் படத்தை ஏன் நம்பினார் என்று யோசித்துப் பார். சந்தைக்குள் ஒருவன் கூவி விற்றால் அவர் திரும்பியே பார்க்க மாட்டார். பழைய பிரவுசரில் வந்த சீட்டாட்ட விளம்பரத்தையும் அவர் நம்பியதில்லை. வேண்டாததையெல்லாம் வடிகட்டிவிட்டேன் என்று சொல்லுகிற இடத்தில் ஒன்றே ஒன்று வந்து நின்றால், அது விளம்பரமாகத் தெரியாது. யாரோ பார்த்துச் சோதித்து அனுப்பியதாகத்தான் தெரியும். அவருக்கு அது நான் அனுப்பியதாகத் தெரிந்திருக்கிறது.

எந்தப் பிரவுசர் என்று இங்கே எழுதவில்லை. பெயர் மாறினாலும் கதை கிட்டத்தட்ட அதுதான். 2005இல் நீ பயர்பாக்ஸைக் குறுந்தகட்டில் கொண்டுவந்து என் கடையின் ஆறு கம்ப்யூட்டரிலும் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? முதல் பதிப்பு 2004 நவம்பரில் வந்தது, ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திறந்த பக்கத்துக்குப் பின்னால் ஏழெட்டு விளம்பர ஜன்னல் குதித்துக்கொண்டிருந்த காலம். அதெல்லாம் சட்டென்று நின்றபோது நாம் இரண்டு பேரும் சிறுபிள்ளை மாதிரி கத்தினோம். அந்த நன்றி எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் அந்தப் பயர்பாக்ஸைச் செய்கிற மொஸில்லா 2014இல் புதுப் பக்கத்தில் காசு வாங்கிய விளம்பரக் கட்டங்களைப் போட்டபோது மனசு கஷ்டப்பட்டது. அடுத்த வருஷக் கடைசியில் வேண்டாம் என்று விட்டார்கள். ஆனால் 2017 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சித் தொடரை விளம்பரப்படுத்துகிற நீட்சியை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற குட்டி நிரலை, கேட்காமலே பயனர்களின் கம்ப்யூட்டரில் இறக்கினார்கள். 2023 மே மாதம் இணையத்தில் நம் அடையாளத்தை மறைக்கிற தங்கள் விபிஎன் சேவையை விற்கத் திரையை மறைத்து விளம்பரம் காட்டி, எல்லோரும் சத்தம் போட்டதும் நிறுத்தினார்கள். பிரேவ் மட்டும் என்ன? ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் நடத்துகிற பிரவுசர். ஒரு கிரிப்டோ நாணயச் சந்தையின் முகவரியை அடித்தால் அதன் வாலில் தங்களுக்குக் கமிஷன் தருகிற குறியீட்டை ஒட்டியது 2020 ஜூனில் வெளியே வந்தது. தவறு என்று ஒப்புக்கொண்டு மாற்றினார்கள்.

ஒவ்வொரு முறையும் இப்படித்தான். யாராவது கண்டுபிடித்துச் சத்தம் போட வேண்டும். அப்புறம் மன்னிப்பு, அப்புறம் ஒரு சுவிட்ச்.

இந்தச் சுவிட்ச்தான் எனக்குப் பெரிய ஆத்திரம். "வேண்டாதவர்கள் செட்டிங்ஸில் போய் அணைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். யார் போவார்கள்? நீ போவாய், நான் போவேன். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் கல்லணைக்காரனுக்கு உடனே தெரியும். அது நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, நம் வாய்க்காலை எட்டுவதற்குள் நாற்றங்கால் காய்ந்துபோன வருஷங்கள் எத்தனை? அணைக்கலாம் என்கிற செய்தியும் அப்படித்தான். தலைமடையில் இருக்கிறவனோடு நின்றுவிடுகிறது. கடைமடையில் இருக்கிற பட்டாளத்தாருக்கு விளம்பரம் மட்டும் தவறாமல் வந்து சேருகிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பிரவுசர் செய்வது சும்மா இல்லை, நூற்றுக்கணக்கான பொறியாளர்களுக்குச் சம்பளம் வேண்டும், மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு தேடுபொறி ஒப்பந்தத்துக்காகக் கூகுள் தருகிற பணம், அதை நம்பிக்கொண்டே இருக்க முடியுமா என்பாய். எல்லாம் நியாயம். அந்தப் படம் யாரையும் வேவு பார்க்கவில்லை என்பார்கள், அதையும் நம்புகிறேன். வேவு பார்க்காததால் மட்டும் அது விளம்பரம் இல்லை என்று ஆகிவிடுமா? காசு வேண்டும் என்றால் என்னிடம் கேட்கட்டும், வருஷத்துக்கு 500 ரூபாய் கொடுக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடமும் கேட்டு வாங்கித் தருகிறேன். விளம்பரம்தான் வழி என்றால் முதல் நாள் திறக்கும்போதே, "விளம்பரம் காட்டலாமா?" என்று தமிழில் கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும்.

செவ்வாயிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவர் போனையும் வாங்கி, புதுப் பக்கத்து விளம்பரப் படம், காசு வாங்கிய குறுக்குவழி, முகவரிப் பட்டையில் வருகிற பரிந்துரை மூன்றையும் அணைத்துக் கொடுக்கிறேன். இதுவரை 43 போன். அடுத்த அப்டேட்டில் புதிதாக என்ன முளைக்குமோ என்கிற பயம் இருக்கிறது. "இதில் விளம்பரம் வராது" என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் முன்னதாக வா. எந்தெந்தப் பிரவுசரில் எதை எங்கே அணைப்பது என்று பெரிய எழுத்தில், படத்தோடு ஒரு பக்கம் தயார் செய்வோம். ஜெராக்ஸ் செலவு என்னுடையது. காப்பீட்டு ரசீதோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். பட்டாளத்தாருக்கு அந்த அழைப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எட்டு நம்பர் தடுத்தாயிற்று, ஒன்பதாவது இன்று காலை வந்தது. அதை நிறுத்த வழி தெரிந்தால் பொங்கல்வரை காத்திருக்காதே, உடனே எழுது.

உன்
முருகையன்