கெரவன் கழுவுறது லொறி கழுவுற மாதிரி இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம காலையில ஹட்டன் பக்கம் ஒரு சேர்விஸ் ஸ்டேஷன்ல ஒயில் மாத்துறதுக்கு நின்னேன். பக்கத்து ரேம்ப்புல டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுற, உள்ளயே சமைச்சி படுத்துக்கிற மாதிரி வீடா கட்டுன ஒரு வெள்ள கெரவன ஏத்தி வச்சிருந்தாங்க, ஒரு தம்பி, பதினெட்டு பத்தொம்பது வயசு இருக்கும், தண்ணிய வேகமா பீச்சுற பிரஷர் கன்ன எடுத்து ஜன்னல் ஓரத்து ரப்பர்ல ஒரு சாண் தூரத்துல வச்சி அடிச்சிக்கிட்டு இருக்கான். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. தம்பி நிப்பாட்டு நிப்பாட்டுன்னு ஓடுனேன். அவன் திரும்பிப் பாத்து, ஏண்ணே, பாசி போகணும்ல, மொதலாளி பளிச்சுன்னு இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாருங்கிறான். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. இந்த வண்டி வேற மாதிரி வண்டின்னு அவனுக்கு யாருமே சொல்லிக் குடுக்கல. அதுக்காகத்தான் ஒங்களுக்கு இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

நான் கொட்டகலைக்காரன். லொறி, வேன்னு ஓட்டி இப்ப ஆறு வருஷமா ஒரு மொதலாளியோட கெரவன் ஓட்டுறேன். எல்ஃப் லொறி சேசிஸ் மேல பைபர் பெட்டி கட்டி உள்ள கட்டில், அடுப்பு, சிங்க், டொய்லட் எல்லாம் வச்ச வண்டி. இப்ப நம்ம ரோட்டுல இந்த மாதிரி வண்டி கூடிக்கிட்டே வருது, ஏப்ரல் சீசன்ல நுவரெலியாவுல பாத்தீங்கன்னா தெரியும், செயின்ட் கிளயர் நீர்வீழ்ச்சி பாக்குற எடத்துலயும் வந்து நிக்கும். சில பேர் பழைய ரோசா பஸ்ஸ மாத்திக் கட்டுறாங்க, சில பேர் டொல்பின் வேன்ல கட்டில் போடுறாங்க. ஓட்டுறதுக்கு ஆள் இருக்கு, கட்டுறதுக்கு கைவேலை தெரிஞ்ச பாஸ்மாரு இருக்காங்க, ஆனா வெளி பொடிய, அதாவது வண்டியோட வெளிக்கூட்ட, எப்படிப் பாத்துக்கணும்னு தெரிஞ்ச ஆள் மலையகத்துல விரல் விட்டு எண்ணலாம்.

மொதல்ல வெளங்க வேண்டியது இதுதான். கார், வேன் பொடி தகட்ட வெல்டிங் வச்சி ஒரே ஓடா ஆக்குனது. கெரவன் பெட்டி அப்படி இல்ல. உள்ள பொக்ஸ் பார் சட்டம், இல்லன்னா மரச் சட்டம், அதுக்கு மேல பிளைவுட், வெளிய பைபர் சீட் இல்லன்னா அலுமினியத் தகடு, மூலைக்கு மூல அலுமினியப் பட்டிய வச்சி இஸ்குருப்பு போட்டு, இடுக்க அடைக்கிற சீலர் பசைய பூசி மூடியிருப்பாங்க. ஜன்னலுக்கு ஒரு ஓட்ட, பிரிஜ் காத்து போக ஒரு ஓட்ட, கூரையில தொறந்து மூடுற ஹட்ச்சுக்கு ஒரு ஓட்ட, தண்ணி ஊத்துற வாய்க்கு ஒரு ஓட்ட. அத்தன ஓட்டையையும் காப்பாத்துறது அந்த ரப்பரும் சீலரும் மட்டுந்தான். மழத்தண்ணி மேலேருந்து விழுந்து வழிஞ்சி போற மாதிரிதான் அத வச்சிருக்காங்க, நேரா குத்துற பிரஷர் தண்ணிய தாங்குறதுக்கு இல்ல. மயிரளவு வாய் தொறந்தாப் போதும், தண்ணி உள்ள போயி பிளைவுட்டுல ஒக்காந்துக்கும். கீழ்நாட்டுலன்னா ரெண்டு நாள் வெயில்ல கொஞ்சமாவது காயும், நம்ம மலப் பனிமூட்டத்துல, இந்த மிஸ்டுல எங்க காயிறது, ஆறு மாசம் போனாலும் ஈரம் ஈரமாவே இருந்து மரம் உளுத்துப் போயிரும்.

எங்க வண்டிக்கே நடந்திச்சி. மூணு வருஷத்துக்கு முந்தி சீசனுக்கு முன்னால ஒரு எடத்துல குடுத்து கழுவி எடுத்தோம், வெளிய வெள்ள வெளேர்னு இருந்திச்சி, மொதலாளிக்கும் சந்தோஷம். ஜூன் மாச மழைக்கு உள்ள கட்டில் தலமாட்டுல ஒரு மஞ்சக் கற. தொடச்சேன், ஒரு வாரத்துல திரும்ப வந்திச்சி. அப்புறம் ஒரு புளிச்ச வாட. செவுத்த விரல் முட்டியால தட்டிப் பாத்தா நல்ல எடத்துல டக்கு டக்குன்னு கேக்குது, அந்த எடத்துல மட்டும் சத்தமே இல்லாம பொதபொதன்னு இருக்கு. தொறந்தா பிளைவுட் கையோட வருது, ஊறுன கேக்கு மாதிரி. ஒரு பக்கத்து செவுத்தயே கழட்டி மாத்த வேண்டியதாப் போச்சு, ரெண்டு மாசம் வண்டி ஓடல, எனக்கும் அந்த ரெண்டு மாசம் சம்பளம் பாதிதான். பிரஷர் கன்னால கழுவுனதுக்கு நாங்க குடுத்த வெல அது.

அதனால இப்ப நானே கழுவுறேன், கத்துக்கிட்டத சொல்றேன்.

சாதாரண ஹோஸ் தண்ணி போதும். மொதல்ல சும்மா தண்ணிய விட்டு சேத்த ஊற வச்சி எறக்கணும், தோட்டத்து ரோட்டுல ஓடுன வண்டியில மண்ணோட பொடிக் கல்லும் ஒட்டியிருக்கும், அதோட சேத்து தேச்சா நீங்களே மணல் கடதாசி போட்டுத் தேச்ச மாதிரி ஆயிரும். ரெண்டு வாளி வச்சிக்குங்க, ஒன்னுல ஷாம்பு தண்ணி, ஒன்னுல துணி அலசுற தண்ணி. வண்டி ஷாம்புதான் போடணும், பாத்திரம் கழுவுற லிக்விடும் சவுக்காரத் தூளும் வேணாம், அது எண்ணப் பசைய எடுக்குறதுக்குன்னே செஞ்சது, பொடிக்குப் பாதுகாப்பா நீங்க பூசுன வெக்ஸ் மெழுகையும் சேத்து எடுத்துட்டுப் போயிரும். பச்ச ஸ்க்ரப்பர பொடி பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. ஷாம்பு போடுறப்ப கீழேருந்து மேல போடணும், அலசுறப்ப மேலேருந்து கீழ வரணும். மேல மொதல்ல போட்டா அழுக்கு நொர காஞ்ச செவுத்துல வழிஞ்சி கோடு கோடா நிக்கும், அப்புறம் போகாது.

கோடுன்னதும் ஞாபகம் வருது, ஜன்னலுக்குக் கீழயும் மூலையிலயும் கருப்புக் கோடு விழுதுன்னு எல்லாரும் செவுத்தயே தேய்க்கிறாங்க. அந்தக் கோட்டோட வேரு கூரையில இருக்கு. கூரையில தூசி, டர்பன்டைன் மரத்து எல, பாசி எல்லாம் சேந்து மிஸ்டுல ஊறி சொட்டுச் சொட்டா வடியிறதுதான் அந்தக் கோடு. கூரைய சுத்தம் பண்ணுங்க, கோடு பாதி கொறஞ்சிரும். ஆனா ஈரக் கூர மேல ஏறி நடக்காதீங்க, வழுக்குனா ஆளும் போகும், பைபரும் வெடிக்கும். ஏணி வச்சி பக்கத்துல நின்னு நீளக் கம்பு பிரஷ்ஷால கழுவுனாப் போதும். பாசிய கத்தியால சொரண்டாம ஷாம்பு தண்ணிய ஊத்தி பத்து நிமிஷம் ஊற விட்டு மெத்து பிரஷ்ஷால தேச்சா தானா வரும். காக்கா எச்சமும் அப்படித்தான், ஈரத் துணிய மேல போட்டு ஊற விட்டு எடுக்கணும்.

ஜன்னல் கண்ணாடின்னு நெனச்சிக்கிட்டு கண்ணாடி தொடைக்கிற ஸ்ப்ரே, தின்னர், ஸ்பிரிட் எல்லாம் போடுறாங்க. முக்காவாசி கெரவன்ல அது கண்ணாடி இல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். அமோனியா, ஸ்பிரிட் பட்டா சிலந்தி வல மாதிரி பொடிப் பொடியா வெடிப்பு விழுந்திரும், பொலிஷ் போட்டும் போகாது. நெறைய தண்ணி, மெத்துத் துணி, அவ்வளவுதான். பிரிஜ் காத்து போற சல்லடைக்குள்ளயும் தண்ணி அடிக்கக் கூடாது.

அப்புறம் வெயில். இங்க குளிருதான, வெயில் என்ன பண்ணிரும்னு நெனைக்கிறாங்க. ஒசரம் ஒவ்வொரு 1000 மீட்டர் கூடுறப்பயும் சூரியனோட புற ஊதாக் கதிர் 10 வீதம் மாதிரி கூடும், நுவரெலியா 1868 மீட்டர். குளிரு ஒடம்புக்குத்தான், வண்டி மேல விழுற கதிருக்குக் கெடையாது. பைபர் மேல பூச்சா இருக்குற ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் மாதிரிதான் கனம், அது கதிர்ல வெந்து வெந்து சாக்கட்டி மாதிரி ஆயிரும், கைய வச்சி தடவுனா வெள்ளையா மாவு ஒட்டும், அதுல பாசியும் அழுக்கும் சட்டுன்னு புடிச்சிக்கும். அப்படி ஆனப்புறம் கட்டிங் கொம்பவுண்ட்ங்கிற தேய்க்கிற பசைய போட்டு தேச்சா பளபளன்னு வரும், உண்மதான், ஆனா தேச்செடுக்குறது அந்த அரை மில்லிமீட்டர்லேருந்துதான். வருஷா வருஷம் கொம்பவுண்ட் போடுற வண்டிக்கு கொஞ்ச நாள்ல ஜெல்கோட்டே மிஞ்சாது. அதுக்கு முன்னாலயே வெக்ஸ் பூசி வைக்கணும். நல்ல வெக்ஸ்ல கார்னௌபான்னு பிரேசில் நாட்டு ஒரு பன மரத்து எலையிலேருந்து எடுக்குற மெழுகு இருக்கும், அந்த மரம் தன் எல காயாம இருக்க தானே பூசிக்கிற மெழுகு அது. நம்ம வீட்டுப் பின்னால சேப்பங்கெழங்கு எல மேல மழத்தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுறத பாத்திருப்பீங்க, வெக்ஸ் பூசுன செவுத்துலயும் தண்ணி அப்படித்தான் ஓடணும். ஓடாம படர்ந்து நின்னா வெக்ஸ் போயிருச்சின்னு அர்த்தம்.

எப்ப பூசுறதுங்கிறது நம்ம ஊருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. ஈரச் செவுத்துல வெக்ஸ் புடிக்காது, கொதிக்கிற வெயில்லயும் காஞ்சி தழும்பா நிக்கும். நான் தைப்பொங்கலுக்கு அப்புறம் மாசி முடியிறதுக்குள்ள, காலையில பனி காஞ்சி எட்டு ஒன்பது மணிக்கு நெழலா ஒரு எடத்துல நிப்பாட்டி, மத்தியானம் மிஸ்ட் எறங்குறதுக்கு முன்னால ஒரு பக்கம் முடிச்சிருவேன், மறு நாள் அடுத்த பக்கம். இன்னொரு தடவ தீபாவளிக்கு முன்னால மழ விட்ட நாளா பாத்து. அவசரப்பட்டு ஒரே நாள்ல முடிக்கப் பாத்தா ஒழுங்கா வராது.

அதே நாள்ல சீலரையும் சுத்திப் பாத்துருவேன். விரல் வச்சி தடவுனா வெடிப்பு தெரியும். வெடிச்சிருந்தா மேலால பூசி மூடாம பழசச் சொரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும். பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கன் வேணாம், வினாகிரி வாட அடிக்கும் பாருங்க, அந்த ஆசிட் தகட்டையும் இஸ்குருப்பையும் அரிச்சிரும், பின்னால அது மேல வேற எந்த சீலரும் ஒட்டவும் ஒட்டாது. பியூட்டைல் டேப், போலியூரித்தேன் சீலர்னு கேட்டு வாங்குங்க.

அறுகம்பை, மன்னார்னு கடல் பக்கம் போயிட்டு மேல ஏறி வர்ற வண்டிங்களுக்கு இன்னொன்னு. உப்பு அடியில ஒட்டிக்கிட்டு வரும், நம்ம மிஸ்டுல அது காயவே காயாது, ராப்பகலா துரு அரிச்சிக்கிட்டே இருக்கும். வந்த அன்னைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணி விட்டு அலசிருங்க. அதுக்குன்னு சேர்விஸ் ஸ்டேஷன்ல கழிவு ஒயில ஸ்ப்ரே பண்ண விடாதீங்க, ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப் போகும், ஒழுகுற ஒயில் ரோட்டோரத்துல தண்ணி ஓடுற கானுலதான் சேரும்.

கானுன்னதும் இதையும் சொல்லிர்றேன். தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் ஓயா ஓரத்துல, ஆத்தங்கரையில, வண்டிய எறக்கி கழுவுறவங்கள நெறைய பாக்குறேன். அந்தத் தண்ணி கீழ போயி தோட்டத்து வரிச வீடான ஒரு லயத்துக்கு, குடம் புடிக்கிற பீலித் தண்ணியா விழுது. எங்க அம்மா அந்த மாதிரி பீலியில குடத்த வச்சி காத்துக்கிட்டு நின்ன ஆளு. ஒங்க சவுக்கார நொர இன்னொருத்தர் குடத்துக்குள்ள போகக் கூடாது, புல்லு இருக்குற எடத்துல, ஓயாவ விட்டு தள்ளி நின்னு கழுவுங்க.

இன்னொன்னு, மழைக்கு மூடி வைக்கிறேன்னு தறப்பாள இறுக்கிக் கட்டி மாசக் கணக்குல விட்டுர்றாங்க. உள்ள ஈரம் பூத்து பாசி புடிக்கும், காத்துல ஆடி ஆடி மூலையெல்லாம் ஒரசி வெக்ஸ் போயிரும். காத்து போற துணிக் கவர் போடுங்க, இல்லன்னா மேல மட்டும் ஒரு தகரக் கூர போட்டு நாலு பக்கமும் தொறந்து விடுங்க.

சேர்விஸ் ஸ்டேஷன் மொதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஒங்க புள்ளைங்களுக்கு ஒரு நாள் இத சொல்லிக் குடுங்க, கெரவன்னு வந்தா பிரஷர் கன்ன கீழ வைக்கச் சொல்லுங்க, கையால கழுவுறதுக்கு நேரம் கூடத்தான் எடுக்கும், கூலியும் கூடக் கேளுங்க, வண்டிக்காரங்க குடுப்பாங்க. நம்ம பக்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள்ல மெக்கானிக், டிங்கர், பெயின்ட் வேலை எல்லாம் சொல்லிக் குடுக்குறாங்க, அதோட இதையும் ஒரு வாரம் சேத்தா தோட்டத்துப் புள்ளைங்களுக்கு ஒரு தொழில் கெடைக்கும், கொழும்புக்கு ஓட வேண்டியதில்ல. அன்னைக்கு அந்தத் தம்பிக்கு நான் பக்கத்துல நின்னு அர மணித்தியாலம் காட்டுனேன், அவன் ரெண்டாவது பக்கத்த கையாலயே கழுவி முடிச்சான், அவ்வளவு பக்குவமா செஞ்சான். கத்துக்க ஆச இருக்குற புள்ள.

யாராவது ஸ்டேஷன்காரங்க கூப்பிட்டா நான் ஞாயித்துக்கெழமயில வந்து சொல்லிக் குடுக்கத் தயார், காசு வேணாம். ஒங்க ஆபீசுல என் நம்பர் குடுத்திருக்கேன், கேட்டு வர்றவங்களுக்கு தயவுசெஞ்சி குடுங்க.

இப்படிக்கு,
கொட்டகலையிலேருந்து ஒரு கெரவன் சாரதி