கதவருகே நிற்கும் பெண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் தொலைபேசியில், "நாடகத்தைப் படம் எடுப்பதெல்லாம் ஒரு வேலையா அப்பா? சுவரொட்டிக்குப் போகும், நாடகம் முடிந்ததும் குப்பைக்குப் போகும்" என்று அலுத்துக்கொண்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதுமுதல் அந்தப் பேச்சு மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஆபிரகாம் பிசாரெக்கின் படங்களைத் தேடிப் பார், அம்மா. போலந்தில் பிறந்து பெர்லினில் வாழ்ந்த யூதப் புகைப்படக்காரர். 1933இல் நாஜிகள் யூத நடிகர்களை மேடைகளிலிருந்து விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு கலாசாரச் சங்கம் அமைத்தார்கள். யூதர்கள் நடிக்கலாம், யூதர்கள் மட்டுமே பார்க்கலாம். அதன் முதல் நாடகம் ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங்கின் 'ஞானி நாத்தான்'; அதன் நாயகன் நாத்தான் ஒரு யூதர். 1941இல் அந்தச் சங்கத்தையும் மூடிவிட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய குர்ட் சிங்கர் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். சங்கத்தின் மேடையில் பார்வையாளர்களைச் சிரிக்கவைத்த மாக்ஸ் எர்லிஷ் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அந்த மேடையை, அந்த ஒப்பனையை, அந்த முகங்களை நாம் இன்று பார்க்க முடிகிறதென்றால், பிசாரெக் அங்கே கேமராவோடு நின்றதும் ஒரு காரணம். அவர் மனைவி பிறப்பால் யூதர் அல்லர்; அதனால் பிசாரெக் உயிர் தப்பினார்.

1945 செப்டம்பர் 7. போர் முடிந்து நான்கே மாதம். பெர்லின் டாய்ச்சஸ் தியேட்டர் மீண்டும் திறந்தது, அதே 'நாத்தான்' நாடகத்தோடு. இயக்கியவர் ஃப்ரிட்ஸ் விஸ்டன். மூடப்பட்ட அந்தச் சங்கத்தின் மேடையை நடத்தியவர். நாத்தானாக நடித்த பால் வேகெனர் யூதர் அல்லர். நல்ல நடிகர்தான். ஆனாலும் அந்த வேடத்தை ஏற்கவேண்டியவர்களில் எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்ற நினைப்பு என்னை விடுவதில்லை. யூத நடிகர் எர்ன்ஸ்ட் டாய்ச் அமெரிக்காவிலிருந்து திரும்பி, 1950களில் நாத்தானாக மேடை ஏறினார். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் நாஜி ஆட்சியின் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரியாமல், அவர் முகத்தைப் பார்த்து வசனம் பேசுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஹம்பர்க்கில் ஈடா ஏரே இருந்தார். சிறையிருந்து மீண்ட யூத நடிகை. 1945 டிசம்பரில், முன்பு யூதர் சங்கம் இயங்கிய கட்டடத்திலேயே காமர்ஷ்பீலே அரங்கைத் தொடங்கினார். அங்கே படம் எடுத்த ரோஸ்மாரி கிளவுசன், நாஜி காலத்தில் பெர்லின் அரசு நாடக அரங்கிலும் படம் எடுத்தவர். இது எனக்கு நெருடுகிறது, மறைக்கமாட்டேன். ஆனால் அந்த இரண்டு காலத்தையும் ஒரே கண் பார்த்திருக்கிறது என்பதால்தான் அவருடைய படங்களை நான் விடாமல் பார்க்கிறேன்.

படத்துக்கான ஒத்திகை நாளில் எல்லாரும் நாயகனையும் நாயகியையுமே சுற்றுவார்கள் என்று நீதான் சொன்னாய். நீ ஓரத்தில் நிற்பவர்களையும் எடு. ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பெயர்களை எழுதிவை, விளக்குப் பிடிப்பவர் பெயர் உட்பட. பென்சிலால் எழுது, மை ஊறிவிடும்.

அம்மா மிளகாய்த்தூளும் வடகமும் பொதி செய்து அனுப்பியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

மார்ச்சில் நீ அனுப்பிய படத்தில் இடப்பக்கம், கதவருகே, தலையில் துணி கட்டிய ஒரு வயதான பெண் நிற்கிறார். அவர் பெயர் என்ன?

அன்புடன்,
அப்பா