மலைக்கு வந்த துணை சுகாதார நிலையம்: நன்றி மடல்

கூடவே அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊருக்குத் துணை சுகாதார நிலையம் அனுமதியாகிக் கடிதம் வந்துவிட்டது. கட்டடம் இன்னும் இல்லை. சரி, பழைய சத்துணவுக் கூடத்தில் தொடங்கட்டும்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற எழுத்தர் ஐயாவுக்கு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கே ஒன்று என்று விதியிலேயே இருப்பதை எடுத்துக் காட்டியவர் அவர்தான். அதுவரை கையேந்திக்கொண்டிருந்தோம், அப்புறம்தான் கணக்குக் கேட்க ஆரம்பித்தோம். மனுவை ஏழு முறை திருத்தினார். "கருணை கூர்ந்து" என்று நான் எழுதியதை ஏழு முறையும் அடித்தார்.

அலுவலகத்தில் இருந்தது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதில் நமக்கு ஆள் போதவில்லை. லீவு நாட்களில் வீடு வீடாக ஏறி 3,412 பேரை எண்ணி எழுதிய கல்லூரிப் பிள்ளைகளே, அட்டைப்பூச்சிக் கடியெல்லாம் ஆறிவிட்டதா?

கிராம சுகாதாரக் குழுவுக்கு அரசு தருவது வருடம் 10,000 ரூபாய். கீழே ரோட்டோரத்து ஊருக்கும் அதேதான், நமக்கும் அதேதான். அவர்கள் அதில் சாக்கடையைச் சுத்தம் செய்து கொசுவை ஒழிக்கலாம். நமக்கோ நாலு பேரை அவசரத்துக்கு இறக்கினால் ஜீப் வாடகையிலேயே பெரும்பகுதி போய்விடும். ஊருக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகப் பிரித்தால், மலைப் பங்கைப் பாதை தின்றுவிடுகிறது. இதை அதிகாரிகளிடம் சலிக்காமல் சொன்ன வார்டு உறுப்பினர் அக்காவுக்கு நன்றி.

அக்டோபர் 2 கிராம சபையை மறக்க முடியாது. உங்கள் ஊரிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு ஓபி (வெளிநோயாளி) பார்க்க வருகிறவர்களே குறைவு, பிறகு எதற்குத் தனி நிலையம் என்று ஒருவர் கேட்டார். மேலத்தெருப் பாட்டி எழுந்து, "எட்டு மைலு இறங்கி வந்து டோக்கன் போடத் தெம்பு இருந்தா, நான் ஏன்யா ஆஸ்பத்திரிக்கு வர்றேன்?" என்றார். கேள்வி கேட்டவர் அதற்குமேல் பேசவில்லை. பாட்டி, உங்களுக்குத் தனி நன்றி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளை நடந்தே கொண்டுவரும் தங்கைக்கும், பாதி வாடகைக்கு ஓட்டிய ஜீப் தம்பிக்கும் நன்றி.

வசூலான 6,200 ரூபாயில் செலவு போக 740 மீதி. அதைச் சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடிக்க வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. பிரஷ் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.