ஆச்சி சொன்ன தேதியும் நம் ஆய்விதழ்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த மூளை ஆராய்ச்சிக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் நிம்ஹான்ஸ், சென்னையில் ஐஐடி என்று கட்டடங்களை வரிசையாகச் சொல்லி, இன்னும் பணம் வேண்டும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். பணம் வேண்டும்தான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அந்த நாலு பக்கத்தில் 'ஆய்விதழ்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட வரவில்லை. கல்லூரி நூலகத்திலேயே காலம் தள்ளியவன் நான். எனக்கு அது உறுத்தியது.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் ஆச்சிக்கு (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்) எண்பத்து மூன்று வயது. போன வருடம் மறதி கூடிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) போய் உட்கார்ந்துவிடுவார். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இளம் டாக்டர், நல்ல பையன்தான். ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். இன்றைக்கு என்ன தேதி? "புரட்டாசி பதினாலு, நாளாண்ணிக்கு ஏகாதசி" என்றார் ஆச்சி. டாக்டர் முட்டை போட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "எதுக்கப்பா கழிக்கணும்?" என்று ஆச்சி திருப்பிக் கேட்டார். அதற்கும் முட்டை. அப்புறம் ஒன்றோடொன்று கோத்த இரண்டு ஐங்கோணங்களைக் காட்டி, பார்த்து வரையச் சொல்லிப் பென்சிலைக் கொடுத்தார். ஆச்சி அதைக் கரண்டி பிடிப்பது போலப் பிடித்தார். கோடு எங்கேயோ போயிற்று.

அடுத்த பொங்கலுக்கு அதே ஆச்சி பச்சரிசி மாவைக் கரைத்து, துணியை நனைத்து, விரல் வழியே மாவை விட்டு நடுவீட்டுக் கோலத்தைப் பிசகில்லாமல் போட்டார். மருமகள் புள்ளியைத் தப்பாக வைத்ததைக்கூடக் கண்டுபிடித்துத் திட்டினார். ஆச்சிக்கு மறதி இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அந்தத் தாளில் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன், நூலகன் புத்தி. அந்த முப்பது மதிப்பெண் சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. பேனா பிடித்துப் பழகிய ஆட்களை மனத்தில் வைத்துச் செய்தது. இந்தக் குறையை நம்மவர்கள் கவனிக்காமல் இல்லை. ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தாரும் நம் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, படிப்பறிவில்லாத முதியவர்களுக்கு ஏற்றபடி அதை இந்தியில் மாற்றி அமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள், அவ்வளவுதான். ஆச்சியிடம் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் டாக்டருக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு கிடைத்திருக்காது.

வெளிநாட்டுக் கூட்டுறவு என்றால் எனக்கு இப்படி ஒன்று வேண்டும். 1998-இல் 10/66 என்ற பெயரில் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு உருவானது. டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். நம் சென்னையும் வேலூரும் அந்த வேலையில் சேர்ந்திருந்தன. பிற்பாடு டெல்லி எய்ம்ஸும் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகமும் நாடு முழுக்க ஆய்வு செய்து, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் கணக்குச் சொன்னார்கள். எங்கள் ஆச்சி அந்த 88 லட்சத்தில் ஒருவர்.

எங்கள் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள். ஏஜென்ட்டாகப் போனவர் மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பினால், பேரேடும் ஐந்தொகையும் முதலாளி முன்னால் வந்தாக வேண்டும். நரம்பியலிலும் முதல் தலைமுறை அப்படித்தான், வெளியே போய்க் கற்றதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஜேக்கப் சாண்டி கனடாவில் மாண்ட்ரியலில் நரம்பு அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். பா. ராமமூர்த்தி இங்கிலாந்தில் நியூகாசிலில் பயின்று வந்து 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். இவர்கள் இருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஆக மொத்தம் நாலு பேர். 1953-இல் 'நியூராலஜி இந்தியா' வந்துவிட்டது. நாட்டில் நரம்பியல் டாக்டர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற காலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு இதழ் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அதே 1953-இல்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காரைக்குடி முகவரியோடு 'புல்லட்டின் ஆஃப் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி' என்று ஒரு ஆய்விதழ் வந்துகொண்டிருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது என் கண்ணில் படுவதில்லை.

இதழ் ஏன் மெலிகிறது என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான். ஒரு காலத்தில் வெளிநாட்டு இதழ் வாங்க வசதி கிடையாது. எங்கள் பேராசிரியர்கள் கட்டுரையாசிரியருக்கே பிரதி கேட்டு ரீபிரிண்ட் கார்டு போடுவார்கள். இரண்டு மாதம் கழித்துக் கவரில் பிரதி வரும், இலவசமாக. ஸ்டாம்பைக் கிழித்துக்கொள்ள ஆபீஸ் பையன் காத்திருப்பான். இந்தியர் எழுதிய நல்ல கட்டுரையும் அப்படி வெளிநாட்டிலிருந்துதான் வரும், ஏனென்றால் அவர் அனுப்பியதே அங்கேதான். பதவி உயர்வுக் குழு முதலில் புரட்டுவது இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஒரு இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு. உள்ளூர் இதழில் எழுதினால் மதிப்பு இல்லை, நல்ல கட்டுரை வராததால் இதழுக்கும் மதிப்பு ஏறுவதில்லை. இந்தச் சுற்றை இளம் ஆய்வாளரால் உடைக்க முடியாது. அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமே. உடைக்க வேண்டியவர்கள் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள்.

இப்போது மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் படிக்கலாம். நல்ல காரியம், என் காலத்தில் வந்திருந்தால் கும்பிட்டிருப்பேன். ஆனால் இது படிப்பதற்கு. நம் கட்டுரை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வர வேண்டும் என்றால் எழுதியவரே கட்டணம் கட்ட வேண்டிய இதழ்கள் நிறைய. 'நேச்சர்' குழும இதழ்கள் அதற்கு 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தன. இப்படிப் போகிற காசில் ஒரு பங்கு நம் இதழ்களின் ஆசிரியர் குழுவுக்கும், கட்டுரைகளைச் சரிபார்ப்பவர்களுக்கும், அச்சுப்பிழை திருத்துபவருக்கும் போனால் என்ன குறைந்துவிடும்?

சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024-இல் 'தரணி' என்று கருவிலுள்ள குழந்தையின் மூளைப் படத்தொகுதியை வெளியிட்டது. 5,132 வெட்டுகள், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஆஸ்திரேலியா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று பல நாட்டார் சேர்ந்து செய்தது, வேலை நடந்தது சென்னையில். கட்டுரை மட்டும் அமெரிக்க இதழில் வந்தது. குறை சொல்லவில்லை, அதற்கு ஈடான இதழ் நம்மிடம் இருந்திருந்தால் என்ற ஆதங்கம்தான்.

கூட்டுறவுக்கு எங்கள் கோட்டையூரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களை அவர் காலமான பிறகு 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். புத்தகங்கள் சென்னையில் இருக்க, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். இன்றைக்கும் நான் சென்னை தரமணியில் உள்ள அந்த நூலகத்துக்குப் போய்ப் பார்க்க முடிகிறது. ரத்த மாதிரி, மூளை ஸ்கேன், நோயாளி விவரம் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் போடுகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் மூன்று இடத்தில் 'வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது' என்று இருந்தது. எந்த இதழ், எந்த வருடம், எந்தத் தொகுதி என்று சின்ன எழுத்திலாவது போடுங்கள். 'நியூராலஜி இந்தியா'விலும் 'ஆனல்ஸ் ஆஃப் இந்தியன் அகாடமி ஆஃப் நியூராலஜி'யிலும் வருகிற நல்ல கட்டுரை ஒன்றை மாதத்துக்கு ஒரு தடவை தமிழில் சுருக்கி வெளியிட்டாலும் போதும். சுருக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், நான் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
கோட்டையூர்.