பஞ்சுக்குச்சி இன்னும் உறையில்தான் இருக்கிறது

ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடுகளை நடத்துகிறவர்களுக்கும், முகாம் மேசைக்குப் பின்னால் நிற்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் கொடுத்த உறை என் மேசையில் பத்தொன்பது நாளாகக் கிடக்கிறது. உள்ளே நீளமான பஞ்சுக்குச்சிகள், பார்கோடு ஒட்டிய சின்ன அட்டை, இரண்டு பக்கப் படிவம். குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்து, காயவிட்டு, உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். ரத்தப் புற்று போன்ற நோய் வந்த யாருக்காவது என் ஸ்டெம் செல்கள் பொருந்துமா என்று அதை வைத்துத்தான் பார்ப்பீர்கள்; பொருந்தினால் கொடுக்கக் கூப்பிடுவீர்கள். முகாமில் இருந்த தம்பியும் அதைத்தான் சொன்னார். "ரெண்டே நிமிஷம் அக்கா. வலிக்கவே வலிக்காது. பின்னாடி கூப்பிட்டாலும் ரத்ததானம் மாதிரிதான்." வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்து அனுப்பட்டுமா என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போன உறைகள் திரும்பி வருவதில்லை என்பது அவர் அனுபவமாக இருக்கலாம். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்த இரண்டு நிமிஷத்தின் மேல்தான் கோபம்.

ரத்தத்தை உண்டாக்கும் இந்த ஸ்டெம் செல்கள் இருப்பது எலும்புக்குள் உள்ள மஜ்ஜையில். எலும்பு மஜ்ஜை என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா, "முதுகுத்தண்டுல ஊசி போட்டு உறிஞ்சுவாங்களாம், அப்புறம் ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்" என்றார். சிரித்தேன். ஆனால் நானும் பாதி அப்படித்தான் நம்பியிருந்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்? ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகுதான் தெளிந்தது. முதுகுத்தண்டை யாரும் தொடுவதே இல்லை. மஜ்ஜையாகவே எடுப்பதென்றால் இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து, முழு மயக்க மருந்து கொடுத்து எடுக்கிறார்கள். வருவது ரத்தம் கலந்த திரவம்; ஒரு லிட்டர் அளவுக்குக்கூட எடுப்பார்கள். சில நாள், சிலருக்குச் சில வாரம், குனிந்தால் நிமிர்ந்தால் வலிக்கும். எடுத்தது நான்கு முதல் ஆறு வாரத்தில் தானாக ஊறிவிடும்.

ஆனால் இப்போது பெரும்பாலும் நடப்பது இன்னொரு முறை. ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்தை நாலைந்து நாள் தொடர்ந்து ஊசியாகப் போடுகிறார்கள். அது மஜ்ஜையை முடுக்கி, ஸ்டெம் செல்களைப் பெருக்கி, அவற்றை ரத்த ஓட்டத்துக்குள் தள்ளிவிடுகிறது. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், வேண்டிய செல்கள் மட்டும் பிரிந்து, மிச்சம் மறு கை வழியாகத் திரும்பி வரும். நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் ஆகலாம். போதவில்லை என்றால் மறுநாளும் உட்கார வேண்டும்.

அந்தக் கடைசி நாளை மட்டும் பார்த்தால் ரத்ததானம் மாதிரிதான். அதற்கு முந்தைய நாள்களை ஏன் விழுங்கிவிடுகிறீர்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் கொடுத்திருக்கிறார். மூன்றாவது ஊசிக்குப் பிறகு எப்படி இருந்தது என்று கேட்டேன். "காய்ச்சல் வரப்போற மாதிரி எலும்பெல்லாம் குடைச்சல். படியிறங்கினா இடுப்புக்குள்ள யாரோ அழுத்துற மாதிரி. தும்மக்கூட பயமா இருந்துச்சு" என்றார். அப்புறம், தலைவலி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். செல் எடுத்து முடிந்த இரண்டு மூன்று நாளில் எல்லாம் போய்விட்டதாம். திரும்பக் கேட்டால் கொடுப்பீர்களா என்றேன். "கொடுப்பேன். ஆனா ஊசியைப் பத்தி முதல்லயே யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார். இந்த ஒரு வாக்கியம் உங்கள் துண்டறிக்கை மொத்தத்தையும்விட எனக்கு அதிகத் தைரியம் கொடுத்தது. வலிக்கும் என்று தெரிந்தும் திரும்பக் கொடுப்பேன் என்கிற ஒருவரை நம்பலாம். வலிக்கவே வலிக்காது என்கிறவரை எப்படி நம்புவது?

ஆபத்தையும் சொல்லுங்கள், பரவாயில்லை, தாங்கிக்கொள்வோம். அமெரிக்கப் பதிவேடு வழியாகக் கொடுத்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. மஜ்ஜையாகக் கொடுத்தவர்களில் சுமார் 2.4 சதவீதம் பேருக்கும், ரத்தம் வழியாகக் கொடுத்தவர்களில் சுமார் 0.6 சதவீதம் பேருக்கும் கவனிக்க வேண்டிய சிக்கல்கள் வந்திருக்கின்றன. ஊசி போட்டால் பின்னாளில் நமக்கே ரத்தப் புற்று வந்துவிடுமோ என்ற பயத்துக்கும் அந்த மாதிரி ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த எண்களைப் பார்த்து நான் ஓடவில்லை. எண்ணே இல்லாத சிரிப்பைப் பார்த்துத்தான் உறையை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

சரி, அவ்வளவு பேர் பதிவேட்டில் இருக்கும்போது நான் எதற்கு? உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் எச்.எல்.ஏ. பக்கம் போனேன். நம் செல்களின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளப் புரதங்கள் அவை. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பார்த்துத்தான் பிரித்தறிகிறது. பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1958இல் முதலாவதைக் கண்டுபிடித்தார். பிறகு அதற்காக நோபல் பரிசும் பெற்றார். பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருவதால் உடன்பிறந்த ஒருவர் முழுக்கப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் போதும் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது. ரத்த வகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இன்னொரு புதுச் செய்தி. வேறு ரத்த வகைக்காரர் கொடுத்தாலும் ஏற்கும். ஏற்ற பிறகு நோயாளியின் ரத்த வகையே கொடுத்தவருடையதாக மாறிவிடும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது வாயில் கைவைத்துக்கொண்டார்.

இந்த அடையாளங்கள் வம்சாவளியோடு வருகின்றன. அதனால் பதிவேட்டில் எந்த வம்சாவளியினர் அதிகமோ அந்த நோயாளிக்குத்தான் ஆள் கிடைக்கும். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014இல் கணக்கிட்டபோது, ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு ஏற்ற கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். தென், மத்திய அமெரிக்க வம்சாவளிக் கறுப்பினத்தவருக்கு 16. நோய் ஒன்றே, மருந்து ஒன்றே. பட்டியலில் யார் பெயர் இல்லை என்பதுதான் வித்தியாசம். 4 கோடி என்ற எண்ணின் பின்னால் ஒளிந்துகொள்ள நினைத்த எனக்கு இதற்கு மேல் பதில் இல்லை.

"இப்பல்லாம் பாதி பொருந்தினாலே போதுமாமே, பெத்தவங்களே கொடுக்கலாமாமே" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். உண்மைதான். கொடையாளரின் செல்களை நோயாளிக்குள் செலுத்தும் மாற்று சிகிச்சை நடந்த பிறகு கொடுக்கும் ஒரு மருந்தால் பாதிப் பொருத்தமும் இன்று சாத்தியமாகியிருக்கிறது, நல்ல காலம். ஆனாலும் எல்லாருக்கும் கொடுக்கிற நிலையில் உறவினர் இருப்பதில்லை, முழுப் பொருத்தமான வெளியாளை மருத்துவர்கள் தேடுவதும் நிற்கவில்லை.

இனி என் உண்மையான குறைக்கு வருகிறேன். உங்கள் மேசையில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. மொட்டைத் தலை, கையில் பொம்மை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கித்தான் குச்சியை வாய்க்குள் விட்டார்கள். அந்தக் குழந்தைக்கு அவர்கள் பொருந்த அநேகமாக வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எப்போதாவது அழைப்பு வந்தால் அது முகம் தெரியாத, பெயர் சொல்லப்படாத, ஒருவேளை வேறு நாட்டில் இருக்கும் அறுபது வயதுக்காரருக்காக இருக்கும். குழந்தைக்காகச் சொன்ன ‘சரி’ அவருக்கும் செல்லுமா? அதை அங்கேயே கேட்க வேண்டாமா?

முதல் பதிவேடே அப்படிப் பிறந்ததுதானே? பிரிட்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், அரிய நோயோடு பிறந்த தன் மகன் ஆன்டனிக்காக 1974இல் அதைத் தொடங்கினார். ஆன்டனிக்குப் பொருந்திய ஆள் கடைசி வரை கிடைக்கவில்லை. 1979இல் அவன் இறந்துபோனான். அந்தம்மா பட்டியலை மூடவில்லை. தன் பிள்ளைக்கு உதவாத பட்டியலை ஊரார் பிள்ளைகளுக்காக வைத்திருந்தார். அதில் பெயர் எழுதியவர்களில் எத்தனையோ பேர் ஆன்டனியை நினைத்து எழுதி, வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள். படம் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்துக்கு அடியில் இந்தக் கதையையும் நாலு வரி எழுதி வையுங்கள் என்கிறேன்.

என் நண்பன் ஒருவன் கல்லூரியில் படிக்கும்போது இப்படி ஒரு முகாமில் பதிவு செய்தான். நண்பர்கள் எல்லாரும் செய்தார்கள், இவனும் செய்தான். ஒன்பது வருஷம் கழித்து ஏதோ ஒரு எண்ணிலிருந்து அழைப்பு. "உங்களுடைய பதிவு தொடர்பாக..." என்றதும் கிரெடிட் கார்டு விற்கிறார்கள் என்று வெட்டிவிட்டான். மூன்றாவது முறை எடுத்தபோதுதான் விஷயம் புரிந்திருக்கிறது. பதிவு செய்ததே அவனுக்கு நினைவில்லை. மனைவிக்கு அது எட்டாம் மாதம். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அப்புறம் அந்த எண்ணை எடுக்கவே இல்லை. இதை என்னிடம் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட அவங்க வேற ஆளைத் தேடியிருப்பாங்க" என்றான். எடுக்காத ஒவ்வொரு அழைப்புக்கும் அந்தப் பக்கம் எத்தனை நாள் போனதோ.

அது ஆரம்பக் கட்டம். முதல் அழைப்புக்குப் பிறகு ரத்த மாதிரி எடுத்து மறுபடி பொருத்திப் பார்ப்பார்கள், முழு உடல் பரிசோதனை இருக்கும், அதுவரை வந்தவர்களிலும் பலர் தேர்வாக மாட்டார்கள். இதில் எந்தப் படியிலும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கொடுக்கிறேன் என்று போடும் கடைசிச் சம்மதக் கையெழுத்துக்குப் பிறகு கதை வேறு. மாற்று நடக்கும் நாளை மருத்துவமனைகளில் பூஜ்ய நாள் என்று எண்ணுகிறார்கள். அதற்கு முந்தைய வாரம் மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று இறங்கும். அந்த நாள்களில் கடுமையான மருந்தாலும் சில சமயம் கதிர்வீச்சாலும் நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள், புதிய செல்களுக்கு இடம் வேண்டுமே. மைனஸ் மூன்றாம் நாளில் கொடையாளர் மனம் மாறினால் அந்த உடம்பில் ரத்தம் ஊற வழியில்லை. முகாம் மேசையில் இதைச் சொன்னால் ஆள் பயந்து ஓடிவிடுவார் என்கிறீர்களா? அங்கே ஓடுகிறவர் ஓடட்டும். அங்கே ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உறையை வீட்டுக்கு எடுத்துப் போகிறவரைத் தோற்ற கணக்கில் எழுதாதீர்கள். பதிவு செய்தவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு செய்தி அனுப்புங்கள்: உங்கள் பெயர் எங்களிடம் இருக்கிறது, எண் மாறியதா, உடம்பு எப்படி, இன்னும் சம்மதமா என்று. அழைக்கும்போது காட்டும் எண்ணை முன்கூட்டியே சொல்லி, சேமித்து வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பம், நோய், வேலை, வெறும் பயம், எதுவானாலும் கொஞ்ச காலம் ஒதுங்கி நிற்கவோ பெயரை எடுத்துவிடவோ ஒரு வழி வைத்து, அதை மேசையிலேயே காட்டுங்கள். என் நண்பனுக்கு அப்படி ஒன்று தெரிந்திருந்தால் எட்டாம் மாதத்துக்கு முன்னாலேயே அதைத் தட்டியிருப்பான். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று முகாம் முடிவில் பலகையில் எழுதுகிறீர்களே, அழைத்தபோது எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அது சின்ன எண்ணாக இருந்தால்கூட நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

என் விஷயம். நேற்று ராத்திரி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். "எந்த நோயாளிக்கும் கொடுக்கச் சம்மதமா" என்ற கேள்வியில் பேனா கொஞ்சம் நின்றது. நான் வெறுக்கும் ஒரு மனிதரை வேண்டுமென்றே மனதில் நிறுத்திக்கொண்டேன். அவருக்கு என்றால்? மூன்றாவது ஊசி அன்று, இடுப்பு குடைகிறபோது, அவருக்குத்தான் என்று தெரிந்தால்? தெரியவே தெரியாது என்பதுதான் ஏற்பாடு, பல இடங்களில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து இரு தரப்பும் சம்மதித்தால்தான் பெயர் பரிமாற்றம், சில நாடுகளில் அதுவும் கிடையாது. நல்ல ஏற்பாடு. டிக் அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடர்பு எண் எழுத உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் அம்மாவின் எண்ணை எழுதியிருக்கிறேன். நான் எடுக்காவிட்டால் அவரை அழையுங்கள். தெரியாத எண்ணையும் எடுத்துப் பேசுகிறவர். இன்று காலை அவரிடம் எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை சொல்லி, ஒப்பிக்கவும் வைத்தேன். முதுகுத்தண்டு இல்லை, இடுப்பெலும்பு. அதுவும் அநேகமாக இல்லை, கை வழியாகத்தான். அஞ்சு நாள் ஊசி, குடைச்சல் இருக்கும், போய்விடும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, "அந்தக் கடைசிக் கையெழுத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவல்ல?" என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

குச்சிகள் காய்ந்ததும் உறையை ஒட்டி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முகாமிலிருந்து யோசிக்க வீட்டுக்குப் போன ஒருத்தி